கப்பல் வீட்டின் நெற்றியில்

ஏரிக்கரைக் காலனி, சேலம்
12 ஜூன் 2023

அன்புள்ள கலாவுக்கு,

நான் வீட்டை விற்றுவிட்டதாகச் சங்ககிரிக் கல்யாணத்தில் பேசிக்கொண்டார்களாம். முன்பணம்கூட வாங்கிவிட்டேனாம். இரண்டும் பொய். ஒரு காகிதத்திலும் நான் கையெழுத்துப் போடவில்லை. எனக்குக் காது கேட்பதில்லை என்றும் சொன்னார்களாம். அதுவும் பொய். கேட்க விரும்பாததைக் கேட்பதில்லை, அவ்வளவுதான். உன் மருமகள் அனிதா அங்கே இருந்தும் மறுத்துப் பேசவில்லை என்று தெரிந்தது. அவளைக் குறை சொல்ல மாட்டேன். அவள் என்னைப் பார்த்ததே இல்லை.

நான் நலம். இடது முழங்கால் மட்டும் படியேறும்போது பேசுகிறது. உன் சர்க்கரை எப்படி இருக்கிறது? கண் ஆபரேஷன் செய்துகொண்டாயா?

போன் செய்தால் நீ அதை அனிதாவிடம் கொடுத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிக் கொடுக்க முடியாது. அதனால் எழுதுகிறேன்.

காலனியில் இருந்த முப்பத்தாறு வீடுகளில் இப்போது பதினொன்றுதான் மிச்சம். ஈஸ்வர் என்று ஒரு கட்டடக்காரர் ஒவ்வொன்றாக வாங்கி இடிக்கிறார். நமக்கு எதிரே இருந்த ரேடியோ வீட்டை உனக்கு நினைவிருக்கும். முன்பக்கம் அப்படியே ஒரு பழைய வால்வு ரேடியோ போல இருக்குமே, அதுவும் போன மாதம் போய்விட்டது. வீட்டுக்குள் எங்கே கை வைத்தாலும் அதன் தூசி.

இந்த நிலையில் சரிதா என்ற கல்லூரி ஆசிரியை வந்தாள். கட்டடக்கலை சொல்லிக்கொடுக்கிறவள். மணியை அடிப்பதற்கு முன் அரை மணி நேரம் தெருவில் நின்று நம் கப்பல் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வளைந்த முன்னறை, வட்ட ஜன்னல்கள், சுவரைச் சுற்றி ஓடும் மூன்று பட்டைகள், கொடிமரம் போன்ற மாடிக் கம்பம், சூரியன் உதிக்கிற கேட், எல்லாவற்றையும் வரைந்துகொண்டாள். அரசாங்கத்தின் பழைய கட்டடங்கள் பட்டியலில் ஏறினால் யாரும் இடிக்க முடியாதாம். தெருவின் தலைமாட்டில் நிற்பதால் நம் வீடு ஏறினால் மற்ற பத்தும் ஏறும், நம் வீடு விழுந்தால் அவையும் நிற்காது என்கிறாள்.

முன்பக்கம் கட்டியபடியே இருக்க வேண்டும் என்பது விதி. மாற்றம் ஏதும் செய்யப்பட்டதா என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அதற்குச் சான்றாக ஒரு பழைய படம் கேட்கிறார்கள். 1958 கிரகப்பிரவேசத்தில் எடுத்த படம் எங்களிடம் இருந்ததைக் கரையான் தின்றுவிட்டது. மாமா தன் மகளான உனக்கு ஒரு பிரதி கொடுத்தார். அதை அனுப்பு. அதில் மேலே தோரணம் கட்டியிருந்ததாக நினைவு. பெயர் எழுதிய இடம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, மற்றவை தெரிந்தால் போதும்.

உடனே பதில் எழுது.

இப்படிக்கு,
லோகாம்பாள்


(தேதி இல்லை. ஜேடர்பாளையம் தபால் முத்திரை: 9 ஜூலை 2023)

நங்கைக்குக் காளியாத்தாள் எழுதிக்கொண்டது. இங்கே நானும் மகனும் மருமகளும் சௌக்கியம். அண்ணன் பொண்டாட்டியாக நீங்களும் சௌக்கியமாக இருக்கோணும்.

எனக்குப் பேசுற மாதிரிதானுங்க எழுத வரும். எட்டாவதோட அப்பா நிறுத்திப்போட்டாரு, உங்களுக்குத் தெரியாததில்லை. உங்க எழுத்து அச்சடிச்ச மாதிரி இன்னும் அப்படியே இருக்குதுங்க.

அணையில தண்ணி நல்லா வருது. வாய்க்கால்லயும் உட்டுட்டாங்க. வெத்தலைக்கு ஆள் கிடைக்கறதில்லை. தெக்கால காட்டுல ரெண்டு தென்னைமரம் காத்துக்கு சாஞ்சு போச்சு. கண்ணு ஆபரேஷன் ஆச்சுங்க, இப்ப எறும்பு போறதுகூடத் தெரியுது. எல்லாமே தெரியுதுங்க.

உறை மேல காளியாத்தாள்னு போட்டிருக்குது, உள்ள கலான்னு எழுதியிருக்குது. தபால்காரர் எங்கிட்டக் குடுத்துட்டாரு. கலாங்கறது யாருன்னு விசாரிச்சுக் குடுக்கட்டுங்களா?

போட்டோ எதைச் சொல்றீங்கன்னு வெளங்கலை.

காளியாத்தாள்


ஏரிக்கரைக் காலனி, சேலம்
15 ஜூலை 2023

அன்புள்ள கலாவுக்கு,

உன் கடிதம் வந்தது. கண் சரியானதில் மகிழ்ச்சி. நான் நலம்.

என் கடிதத்துக்கு நீ இருபத்தேழு நாள் எடுத்துக்கொண்டாய், அதிலும் தேதி போடவில்லை. தேதி இல்லாத கடிதத்தை ஏற்காட்டுப் பள்ளியில் எங்கள் சிஸ்டர் பெர்னதெத் வாசிக்காமலே திருப்பிக் கொடுத்துவிடுவார். நான் வாசித்தேன். இரண்டு முறை வாசித்தேன்.

கலா என்பது நான் இந்த வீட்டுக்கு வந்த வருஷம் உனக்கு வைத்த பெயர். அன்று உனக்குப் பதினைந்து வயது. நீ வேண்டாம் என்று சொல்லவில்லை.

எந்தப் படம் என்று விளங்கவில்லையாம். விளக்குகிறேன். மாமா ஜவ்வரிசி ஆலைக்காரர்களோடு நடுவில் நிற்பார். உன் அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கேட்டின் மேல் ஏறியிருப்பார். நீ பாவாடை சட்டையில் மாமாவின் கையைப் பிடித்திருப்பாய். பின்னால் வீடு முழுவதும். அந்தப் படம்.

இந்த வாரம் ஈஸ்வர் நேரில் வந்தார். நல்ல சட்டை, நல்ல பேச்சு. சின்னாயி காபி கொடுத்தாள்.

“அம்மா, உங்களுக்கு மூணாவது மாடில மூலை பிளாட் ஒண்ணு ஒதுக்கிர்றேனுங்க. லிஃப்ட் இருக்குது, முழங்காலுக்கும் நல்லது. நீங்க ஆசைப்பட்டா உங்க ஊட்டுப் பேரையே வெச்சர்லாம். லேக் வியூ அப்பார்ட்மெண்ட்ஸ்.”

“ஏரி எங்கே இருக்கிறது?” என்று கேட்டேன். அதை மண் போட்டு மூடிக் கடை கட்டி இருபது வருஷம் ஆகிறது.

“பேருக்குத்தானுங்கம்மா. பேருக்கு எதுக்கு ஏரி?”

காபி முடிந்ததா என்று கேட்டு அனுப்பிவிட்டேன். அவர் போனதும் சின்னாயி தம்ளரை எடுத்துக்கொண்டே, “ஏனுங்கம்மா, கப்பல் முழுகறதுக்குள்ள எறங்கிக்கலாமுங்களா?” என்கிறாள். முப்பது வருஷமாக இந்த வீட்டில் வேலை செய்கிறவள் பேசுகிற பேச்சு. அன்றைக்கு முழுக்க நான் அவளோடு பேசவில்லை. அதை அவள் கவனித்ததாகவும் தெரியவில்லை.

இங்கே உட்கார்ந்தால் எழத் தோன்றுகிறது, எழுந்தால் மாடிக்குப் போகத் தோன்றுகிறது. பக்கத்து மனையில் ஆழ்துளைக் கிணறு போடுகிறார்கள். கூடத்தின் பச்சைக்கரை போட்ட சிவப்புத் தரை நடுங்குவதைச் செருப்பில்லாத காலில் உணர முடிகிறது.

படத்தை அனுப்பு. தேதி போட்டு எழுது.

லோகாம்பாள்


ஏரிக்கரைக் காலனி, சேலம்
20 ஆகஸ்ட் 2023

அன்புள்ள கலாவுக்கு,

நலமா? ஆடிப் பதினெட்டுக்கு உங்கள் ஊரில் ஆற்றங்கரை முழுக்கக் கூட்டமாக இருந்திருக்கும். அந்த வேலையில் பதில் எழுத முடியாமல் போயிருக்கலாம் என்று இரண்டு வாரம் பொறுத்தேன். ஆடி முடிந்து ஆவணியும் வந்துவிட்டது.

தபால்காரர் பதினொன்றரைக்கு வருவார். பதினொரு மணிக்கே மாடி வட்ட ஜன்னலில் போய் நின்றுவிடுகிறேன். பதினேழு படி. அவர் தெருமுனையில் திரும்பினால் இறங்குகிறேன். நமக்கு ஒன்றும் இல்லை என்று கையை ஆட்டினால் மறுபடி ஏறுகிறேன். ஏன் ஏறுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

நந்தகுமார் பூனாவிலிருந்து போன் செய்தான். “அம்மா, ஒரு கட்டடத்துக்காக நீங்கள் இப்படித் தனியாக இருக்க வேண்டுமா?” என்றான். இது கட்டடம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு என்ன என்று கேட்பான். வைத்துவிட்டேன்.

முன்னறை வளைவில் ஒரு விரிசல் விழுந்திருக்கிறது. பென்சிலால் அதன் முனையில் கோடு போட்டுத் தேதி எழுதி வைத்திருக்கிறேன். மூன்று தேதிகள் ஆகிவிட்டன.

சரிதா மறுபடி வந்தாள். சுவரின் மூன்று பட்டைகளில் மேல்பட்டை மட்டும் இரண்டு அங்குலம் வெளியே தள்ளியிருக்கிறது, அது ஏன் என்று கேட்டாள். கொத்தனார் கணக்குத் தவறியிருப்பார் என்றேன்.

நீ மனதில் என்ன வைத்துக்கொண்டு பேசாமல் இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். அதனால் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். 1985இல் பழைய எழுத்துகள் மழையில் ஊறிப் பெயர்ந்து விழுந்துவிட்டன. விழுந்த இடத்தை வெறுமையாக விட முடியாமல்தான் புதிய பெயர் போட்டோம். உன் அண்ணனும் உன்னிடம் இதைச் சொல்லியிருப்பார். இதில் யாருடைய தவறும் இல்லை.

பதில் எழுது.

லோகாம்பாள்


ஜேடர்பாளையம்
ஆவணி 17, ஞாயிறு

நங்கைக்குக் காளியாத்தாள் எழுதிக்கொண்டது. சௌக்கியம். உங்க சௌக்கியத்துக்கும் சாமியைக் கும்பிட்டுக்கிறேன். தேதி போட்டிருக்கேனுங்க.

அண்ணன் சொன்னாரு. மழையில உழுந்துபோச்சுன்னு உன்ர நங்கை சொல்றாள்னு சொன்னாரு. அப்படிச் சொல்லும்போது அவர் என் மூஞ்சியப் பாக்கலை.

நான் காடு வெச்சிருக்கறவளுங்க. நான் வந்தது பங்குனி. பங்குனி வெயில்ல எழுத்து பேந்து விழற மாதிரி எந்த மழை பேஞ்சுதுங்க?

அன்னைக்கு நடந்ததை நீங்க வாசல்ல நின்னு பாக்கலை, அதனால எழுதறேன். என்ர மக மஞ்சுளா கல்யாணத்துக்கு மொதல் பத்திரிகை தாய்மாமனுக்கு. நானும் அவங்கப்பாவும் மஞ்சுளாவும் பித்தளைத் தட்டுல வெத்தலை பாக்கு, பழம், பத்திரிகை வெச்சுக்கிட்டு பஸ்ஸை விட்டு எறங்கி நடந்து வந்தோம். கேட்டுகிட்ட வந்து ஒசக்கப் பாத்தேன். எங்கப்பா பன்னெண்டு வயசுல என்னைத் தோள்ல தூக்கிக் காமிச்ச எடம். ‘காளியாத்தாள் இல்லம் 1958’. சிமிட்டில உப்பலா, ஒவ்வொரு எழுத்தும் ஒரு முழம். “சாமி, நீ கட்டிக்கிட்டு எங்க போனாலும் உன்ர பேரு இங்க இருக்கும்”னு சொன்ன எடம். அங்க இங்கிலீசுல என்னமோ இருந்துச்சு. மஞ்சுளா படிச்சுச் சொன்னாள். “லேக் வியூனா என்னம்மா?”ன்னு கேட்டாள். அவங்கப்பாதான், “ஏரியப் பாக்கற ஊடாம்”னாரு.

உங்க கல்யாணத்துல இணைச்சீருக்கு அண்ணனோட ஒரே சேலையோட ரெண்டு முனையப் புடிச்சுக்கிட்டு நின்னவ நானுங்க. எந்த நாளும் அண்ணன் வாசல் தங்கச்சிக்குத் தொறந்திருக்கும்னு ஊர் முன்னால சொல்ற சீர் அது. அந்த நெனப்புல நின்னேன். பொறவு தட்டைக் கேட்டுத் தூண் மேல வெச்சுட்டுத் திரும்பிட்டோம். அண்ணன் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் செருப்பில்லாம ஓடியாந்தாரு. கல்யாணத்துக்கும் வந்தாரு. ஒத்தையில வந்தாரு.

போட்டோ இருக்குது. தோரணம் மறைக்கலீங்க. பேரு பளிச்சுன்னு தெரியுது.

காளியாத்தாள்


ஏரிக்கரைக் காலனி, சேலம்
2 அக்டோபர் 2023

அன்புள்ள கலாவுக்கு,

நலம். நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதிக் கிழித்தேன். மழை பெய்யவில்லை.

கொத்தி எடுக்கச் சொன்னது நான். உன் அண்ணன் வேலை விஷயமாகக் கோயம்புத்தூர் போயிருந்தார். வெங்கடாசல மேஸ்திரியை அழைத்துப் பழைய எழுத்துகளைக் கொத்திவிட்டுப் புதியவை வைக்கச் சொல்லி, சத்தத்தைக் கேட்க வேண்டாம் என்று கொண்டப்பநாயக்கன்பட்டியில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டேன். ஒரு வாரம் கழித்து வந்தபோது வேலை முடிந்திருந்தது.

உன் மீது கோபத்தால் செய்யவில்லை. நீ நம்ப வேண்டியதில்லை, ஆனால் அது உண்மை. நான் இருபத்துநான்கு வருஷம் வேறொருத்தியின் பெயர் எழுதிய வீட்டில் குடியிருந்தேன். வாசலுக்கு வந்த ஒவ்வொருவரும், “காளியாத்தாள்ங்கறது நீங்கதானுங்களா?” என்று கேட்டார்கள். பால்காரர் கேட்டார், கலெக்டர் மனைவி கேட்டார். இல்லை என்று சொல்லிச் சொல்லி, நான் யார் என்று சொல்ல வேண்டிய இடத்தில் எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. அந்த வருஷம் என்னோடு மலைமேல் படித்தவர்கள் பத்துப் பேர் விருந்துக்கு வருவதாக இருந்தது. அந்தப் பெயரை அவர்கள் வாய்விட்டு வாசிப்பதை நினைத்தேன். உன் பெயரை நினைத்து நான் வெட்கப்பட்டேன். இதுவும் உண்மை.

என் பெயரை வைத்திருக்கலாமே என்று நீ கேட்கலாம். அதற்குத் துணிவு வரவில்லை. அதனால்தான் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு பெயர்.

இனிச் செய்ய ஒன்றுமில்லை. எழுத்துகள் போய்விட்டன. கொத்திய சிமெண்ட்டைத் திரும்ப ஒட்ட முடியாது. சரிதாவிடம் எழுதிக் கொடுத்ததை மாற்றினால் வீடு பட்டியலில் ஏறாது, கூடவே பத்து வீடுகள் போகும். எனவே அதை மாற்றப் போவதில்லை. படத்தை நீ அனுப்ப வேண்டாம்.

இதை எழுதியதால் எனக்கு நிம்மதி எதுவும் வரவில்லை.

லோகாம்பாள்


ஏரிக்கரைக் காலனி, சேலம்
20 நவம்பர் 2023

அன்புள்ள கலாவுக்கு,

ஏழு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? அனிதாவுக்குப் போன் செய்து கேட்டேன். “அத்தை காட்டுல இருக்கறாங்க, நல்லாத்தானுங்க இருக்கறாங்க” என்றாள். சரி.

வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொல்ல வேண்டும்.

சரிதா சாரம் கட்டி மேலே ஏறினாள். மேல்பட்டை ஏன் தள்ளியிருக்கிறது என்பதை அவள் விடவில்லை. சின்னச் சுத்தியலால் ஓர் ஓரத்திலிருந்து தட்டிக்கொண்டே வந்தாள். நான் கீழே பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். முதலில் கல்லில் தட்டும் சத்தம். பிறகு சத்தம் மாறியது. காலிப் பானையைத் தட்டுவது போல.

“மேடம், உள்ள கூடா இருக்கு.”

“இறங்கி வா” என்றேன்.

“ஒரு நிமிஷம் மேடம்.”

கேட்காத பெண். அதிலும் ஒரு நியாயம் இருக்கிறது, நானும் கேட்காதவள்தான். மூன்றாவது தட்டில் ஒரு முறத்தளவு பூச்சு பெயர்ந்து என் காலடியில் விழுந்தது. பின்பக்கத்தில் கம்பி வலை. வலைக்குப் பின்னால் ஒட்டிய செய்தித்தாள், மடிப்புக் கலையாமல். 1985 மார்ச். சின்னாயி அதைக் கையில் எடுத்து என்னிடம் நீட்டிவிட்டு மேலே பார்த்தாள். அவளுக்கு நிதானமாகத்தான் எழுத்துக் கூட்ட வரும்.

“கா... ளி... அம்மா, காளின்னு போட்டிருக்குதுங்க. சாமி பேரு. நம்மூட்டு நெத்தியில சாமி பேர வெச்சு மூடியிருக்கறாங்க! யாருங்கம்மா இந்தப் பாவத்தப் பண்ணுனது?”

செய்தித்தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டேன்.

மேஸ்திரி கொத்தவே இல்லை. எழுத்துகளின் மேல் காகிதம் ஒட்டி, வலை அடித்து, அதன் மேல் பூசி, என் எழுத்துகளை அதன் மேல் வைத்திருக்கிறார். காகிதம் இருந்ததால் பூச்சு ஒட்டவில்லை. அடியில் சுண்ணாம்பின் மஞ்சள்கூட மங்கவில்லை. நான் கூலி கொடுத்து, நன்றாகச் செய்தீர்கள் என்றும் சொன்னேன். அவர் வாங்கிக்கொண்டு தலையாட்டினார்.

சரிதா இறங்கி வந்து, “நீங்க மாற்றம் இல்லைன்னு எழுதியிருக்கீங்களே மேடம்?” என்று கேட்டாள். அதட்டவில்லை. அதட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பூச்சு முழுவதையும் எடுத்துவிட்டு, பழைய படத்தோடு ஒப்பிட்டுக் காட்டினால் ஏற்பார்கள் என்கிறாள். பிப்ரவரி 12 அன்று குழு வருகிறது. அன்றைக்கு இப்படியே இருந்தால், மாற்றப்பட்ட கட்டடம் என்று எழுதித் தள்ளிவிடுவார்கள்.

மூன்று நாளாக ஒரு கோணியைத் தொங்கவிட்டு அந்த இடத்தை மறைத்து வைத்திருக்கிறேன். காற்றில் அது அடித்துக்கொள்கிறது. பகல் முழுக்க அந்தச் சத்தம்தான்.

என்ன செய்யட்டும்? எழுது.

லோகாம்பாள்


ஜேடர்பாளையம்
கார்த்திகை 24, ஞாயிறு

நங்கைக்குக் காளியாத்தாள் எழுதிக்கொண்டது. நானும் மத்தவங்களும் சௌக்கியமுங்க. முழங்காலுக்கு வேப்பெண்ணெய் தேயுங்க.

எனக்குத் தெரியுமுங்க.

மஞ்சுளா கல்யாணம் முடிஞ்சு நாலஞ்சு வருசம் இருக்கும். வெங்கடாசல மேஸ்திரி இங்க கோயில் வேலைக்கு வந்தாரு. ஊட்டுக்கு வந்து மோர் வாங்கிக் குடிச்சுட்டுச் சொன்னாரு. “அம்மிணி, உசுரோட இருக்கற புள்ள பேரைக் கொத்துனா என்ர கை வெளங்குமா? மூடித்தான் வெச்சிருக்கறேன். எப்பத் தட்டுனாலும் உழுந்துரும். அண்ணங்கிட்டச் சொல்லிப்போடு.”

நான் அண்ணங்கிட்டச் சொல்லலை. சொல்லியிருந்தா மக்யாநாளே ஏணி போட்டிருப்பாரு. உங்களுக்கும் அவருக்கும் அதுக்கப்பறம் அந்த ஊட்டுல என்ன மிச்சம் இருந்திருக்கும்? அதனால சொல்லலைன்னு ரொம்ப நாள் நெனச்சுக்கிட்டேன். நெசம் அது மட்டுமில்லீங்க. நீங்களா எடுக்கோணும்னு இருந்தேன். இன்னைக்கு எடுப்பாங்க, நாளைக்கு எடுப்பாங்கன்னு முப்பது வருசம் போச்சு.

அண்ணன் போனப்ப நான் ஊட்டுக்குள்ள வரலைன்னு எல்லாரும் பேசுனாங்க. கூடப் பொறந்தவ எழவுக்குக்கூட உள்ள வரலை, என்ன திமிருன்னு. நீங்களும் சொன்னீங்கன்னு கேள்விப்பட்டேன். நான் எதுத்தாப்புல ரேடியோ ஊட்டு வேப்பமரத்தடியில நின்னுக்கிட்டு இருந்தேனுங்க. அண்ணனை வெளிய எடுத்துட்டு வர்ற வரைக்கும் ஒசக்கயே பாத்துக்கிட்டு நின்னேன். அதுக்குள்ள என் பேரு இருக்குதுன்னு அந்தத் தெருவுல எனக்கு மட்டும்தான் தெரியும். கத்திச் சொல்லிப்போடலாமான்னு இருந்துச்சு. பொணத்து முன்னால அது எதுக்குன்னு விட்டுட்டேன்.

ஆறு மாசமா எழுதறீங்க. போட்டோவைக் கேட்டீங்க. குழுவைச் சொன்னீங்க, விரிசலைச் சொன்னீங்க. என்னை ஒண்ணும் கேக்கலையேங்க.

என்ன செய்யறதுன்னு எங்கிட்டக் கேட்டா நான் எப்படிச் சொல்றது? ஊடு உங்களுது.

காளியாத்தாள்


ஏரிக்கரைக் காலனி, சேலம்
8 ஜனவரி 2024

அன்புள்ள காளியாத்தாளுக்கு,

வேப்பெண்ணெய் தேய்க்கிறேன். கொஞ்சம் கேட்கிறது. உன் சர்க்கரையைக் கார்த்திகை மார்கழி இனிப்புகளிலிருந்து காப்பாற்றிக்கொள்.

உன் அண்ணன் இறந்த அன்று உன்னைத் திமிர் பிடித்தவள் என்று நான் சொன்னது உண்மை. பலர் முன்னால் சொன்னேன். தவறு. மழை என்று சொன்னதும் தவறு, உன் அண்ணனிடம் சொன்னது அதைவிடப் பெரிய தவறு. அவர் என்னிடம் ஒரே ஒரு முறை, “பங்குனியில மழையா?” என்று கேட்டார். பிறகு கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பின் சாகும்வரை எந்தக் கடிதத்திலும் முகவரியில் வீட்டின் பெயரை எழுதியதில்லை. கதவு எண் மட்டும் எழுதுவார். அதை நான் கவனித்தேன், கவனிக்காதவள் போல இருந்தேன்.

முன்பு கொடுத்த படிவத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். புதிதாக இப்படி எழுதிக் கொடுத்தேன்: “1985 மார்ச்சில் வீட்டின் பெயரை மூடச் செய்தது நான். மாற்றம் இல்லை என்று முன்பு எழுதியது பொய்.” சரிதா வாசித்துவிட்டு, “இவ்வளவு வேண்டாம் மேடம்” என்றாள். வேண்டும் என்றேன். காலனிச் சங்கக் கூட்டத்திலும் எழுந்து நின்று வாசித்தேன். பிறகு கடைசி வீட்டு பூபதி, “பரவால்லீங்கம்மா, இருபது வருசமா நாங்கதான் ஏரியத் தேடிக்கிட்டு இருந்தோம்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்க வேண்டியதாயிற்று.

இன்னொன்று. நீ தூண் மேல் வைத்துவிட்டுப் போன பித்தளைத் தட்டு என்னிடம் இருக்கிறது. வெறும் தட்டைத் திருப்பித் தரக் கூடாது, எதை வைத்துத் தருவது என்று தெரியவில்லை, அதனால் வைத்திருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒவ்வொரு பொங்கலுக்கும் புளி போட்டுத் துலக்கித் திரும்ப அலமாரியில் வைப்பேன். அதிலிருந்த பத்திரிகையை நான் பிரித்ததில்லை. போன வாரம்தான் பிரித்தேன். மஞ்சுளாவின் பெயருக்குக் கீழே அச்சடித்திருக்கிறது: ‘தாய்மாமன் அர்த்தநாரி, காளியாத்தாள் இல்லம், சேலம்.’ நீ அதை எடுத்துக்கொண்டுதான் கேட்டு வரை வந்திருக்கிறாய்.

மேஸ்திரி இப்போது இல்லை. அவரிடம் வேலை கற்ற ஒருவரைப் பிப்ரவரி 5 திங்கட்கிழமைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். ஒரே நாளில் பூச்சு முழுவதும் வந்துவிடும் என்கிறார். குழு வருவதற்கு அதன் பிறகு ஒரு வாரம் இருக்கும்.

வீடு என்னுடையது என்று எழுதியிருந்தாய். பெயர் உன்னுடையது. இத்தனை வருஷம் அதை நான் கேட்காமல் மூடினேன். இப்போது என் வீட்டைக் காப்பாற்றிக்கொள்வதற்காக, அதை உன்னைக் கேட்காமல் திறக்க மாட்டேன். நீ வேண்டாம் என்றால் சுத்தியல் மேலே போகாது. குழு வந்து பார்த்துவிட்டுப் போகட்டும், ஈஸ்வர் வரட்டும். மற்ற பத்து வீட்டுக்காரர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். உன் மீது பழி வராது.

எடுக்கலாம் என்றால், எடுக்கும்போது நீ கீழே நிற்க வேண்டும் என்று எனக்கு ஆசை. நாற்காலியைப் போட்டு வைக்கிறேன். உள்ளே வருவதும் வராததும், படத்தைத் தருவதும் தராததும் உன் இஷ்டம். தட்டில் எதை வைப்பது என்றும் நீயே சொல்.

அனிதாவிடம் போனில் சொல்லி அனுப்ப வேண்டாம். எடுக்கலாமா, கூடாதா என்று உன் கையால் எழுதி, பிப்ரவரி 5க்கு முன் எனக்குக் கிடைக்கும்படி அனுப்பு.

லோகாம்பாள்